இரண்டாவது கிண்ணம்

க்ர்ர்க், டக். அரசாணிக்காயில் பாதி இறங்கியிருந்த கத்தி அப்படியே நின்றுவிட்டது. க்ர்ர்க், டக். இரும்பு இரும்பை உரசிக்கொண்டு போய் முட்டுகிற சத்தம், வாசல் பக்கத்திலிருந்து, அவசரமே இல்லாமல், மூன்று தடவை. அப்புறம் ஒரு மூச்சு. அப்புறம் யாரோ ஒரு பெண் அடித்தொண்டையில் எதையோ கேட்கிற மாதிரி ஒரே ஒரு சொல், சொல் என்றுகூடச் சொல்ல முடியாது, குக்கர் இரைச்சலில் அது என்னவென்று பிடிபடவில்லை. மணி ஏழே முக்கால். இருட்டி ஒரு மணி நேரம்தான் ஆகிறது, தெருவில் ஸ்கூட்டர்கள் போகின்றன, எதிர்வீட்டு டிவியில் ஒருத்தி அழுதுகொண்டிருக்கிறாள், இது பயப்படுகிற நேரமே இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், பயத்துக்கென்று தனியாக ஒரு நேரம் ஒதுக்கி வைத்திருக்கிறவள் மாதிரி. கத்தியை எடுத்துக்கொண்டு போகலாமா? கைக்குழந்தை இருக்கிற வீட்டில் கத்தியோடு இருட்டில் நடக்கக் கூடாது. வைத்துவிட்டுப் போனேன். கூடத்தில் ஒன்றுமில்லை. வாசலை ஒட்டிக் கிளிக்கூண்டு, அதன் மேல் ஏழு மணிக்கே நான் போர்த்திய பழைய போர்வை, பக்கத்தில் சாத்திய கதவு, கதவில் தாழ்ப்பாள். தாழ்ப்பாள் திறந்த நிலையிலேயே இருந்தது, நான் விட்ட இடத்திலேயே, ஒரு நூல் நகராமல். தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. நகராத தாழ்ப்பாள் எப்படிச் சத்தம் போடும்? தள்ளிப் பூட்டிவிட்டால் என்ன என்று விரல் துடித்தது. ஆனால் கோகிலாம்பாள் அக்கா சொல்லிவிட்டுப் போயிருக்கிறார், கீழ்வீட்டுக்காரர், எங்களுக்கு இந்த மாடியை வாடகைக்கு விட்டவர்: "பொள்ளாச்சில விசேசம் கண்ணு, ஒம்பது மணிக்குள்ள வந்துருவோம், பப்பாளி கொண்டாறேன், ரெண்டு கையிலயும் சாமானிருக்கும், கதவச் சாத்தி மட்டும் வெய்யி, தாள் போட்றாத." சரிங்க்கா என்று தலையாட்டிவிட்டேன். கான்வென்ட்டில் படித்தவளுக்குத் தலையாட்ட மட்டும் நன்றாக வரும். இன்னும் ஒன்றேகால் மணி நேரம். கீழே வீடு காலி. மேலே நான், ஒன்பது மாசத்து ஆதிரை, அப்புறம் சாப்பிட மறுக்கும் ஒரு கிளி.

அரசாணிக்காய் என்று இந்தப் பக்கம் சொல்கிற மஞ்சள் பூசணி, கேரட், பீட்ரூட் கொஞ்சமாக, வேகவைத்த சர்க்கரைவள்ளி, சிவப்புக் குடைமிளகாய் ஒன்று, முருங்கைக்கீரை ஒரு கைப்பிடி, முளைகட்டின பச்சைப்பயறு, குக்கரில் கொள்ளு, தனியாகக் கம்பும் சாமையும் குழைந்துவிடாமல். கிளிக்கு எல்லாத் துண்டும் நிலக்கடலைப் பருப்பு அளவுக்கு இருக்க வேண்டும், பெரிதாக இருந்தால் பிடித்ததை மட்டும் பொறுக்கிக்கொண்டு மீதியைச் சுவரில் அடிப்பான். எண்ணெய் கூடாது, உப்பு கூடாது, வெங்காயம் கூடாது, ஆப்பிள் கொடுத்தால் விதையை எடுத்துவிட வேண்டும், ஒட்டாத தவாவைச் சூடாக்கினால் வருகிற புகையே பறவையைக் கொன்றுவிடுமாம், அதனால் கல்யாணத்துக்கு வந்த தோசைத் தவாவை அக்காவிடம் கொடுத்துவிட்டேன். பச்சைமிளகாய் மட்டும் எத்தனை வேண்டுமானாலும் போடலாம். கிளிக்குக் காரம் தெரியாது. முதல் தடவை பறவை டாக்டரம்மா இதைச் சொன்னபோது எனக்குப் பொறாமையாக இருந்தது, ஒரு வேதனை நமக்குத் தெரியவே தெரியாமல் இருப்பது எவ்வளவு நன்றாக இருக்கும். மாப்பிள்ளை என்று இவர்தான், என் வீட்டுக்காரர், பெயர் வைத்தார், ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, சாம்பல் கோட்டுப் போட்டுச் சிவப்பு வாலை நீட்டிக்கொண்டு, எதை வைத்தாலும் முகம் சுளிக்கிற நடை உடை எல்லாமே புது மாப்பிள்ளைதான். ஆறு வருஷம் இவர் பாசத்தைக் காட்டியது சூரியகாந்தி விதையில். கை நிறைய, வேளைக்கு வேளை. விளைவு, ஈரலில் கொழுப்பு. போன தை மாசம் டாக்டரம்மா அவன் நெஞ்செலும்பைத் தடவிப் பார்த்துவிட்டு இவரைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன், "நீங்க தினம் மூணு வேளை மிக்சரே சாப்பிட்டா எப்படி இருக்கும் சார்?" என்றார், இவர் நல்லாத்தானே இருக்கும் என்று சொல்லப்போய் என் முழங்கை பட்டு நிறுத்திக்கொண்டார். அன்றிலிருந்து இந்த நறுக்கல். சின்னமணிக்கு, அவன் ஜோடிக்கு, எந்தத் தொந்தரவும் இருக்கவில்லை. அவள் எதையும் தின்பாள். கிண்ணத்தை வைத்த கையோடு இறங்கி வந்து கேரட்டை ஒரு காலில் தூக்கிப் பிடித்து, கோன் ஐஸ் சாப்பிடுகிற மாதிரி. அவன் மேல் கம்பியில் உட்கார்ந்து அவளைப் பார்ப்பான். அவள் ஐந்து வாய் தின்று உயிரோடு இருக்கிறாள் என்று உறுதியான பிறகு இறங்கி வருவான். இப்போது அவளில்லை. இருபத்து மூன்று நாள். அவன் இறங்கி வருவதில்லை. சத்தமும் இல்லை, குக்கர் மாதிரி விசிலடிப்பான், இவர் மாதிரி இருமுவான், எல்லாம் நின்றுவிட்டது. ஆதிரையின் பால்பவுடரை நிறுக்க வாங்கின தராசில் தினம் காலையில் அவனை நிறுக்கிறேன். நானூற்று முப்பது கிராம் இருந்தவன். ஞாயிற்றுக்கிழமை முந்நூற்று எண்பத்திரண்டு. இன்றைக்கு முந்நூற்று எழுபத்து நாலு. "எழுபதுக்குக் கீழ போச்சுன்னா வீட்டுல வெச்சுக்காதீங்க, தொண்டையில குழாய் விட்டு ஊட்டணும்," என்றார் டாக்டரம்மா போனில், "ஆனா சொல்லிடறேன், இந்த நிலைமையில குழாய் விடறப்ப சிலது பயத்துலயே போயிடும்." நாளைக் காலை நிறுக்க வேண்டும். இந்த ஒரு ராத்திரிதான். நாலு கிராம். நாலு கிராம் என்பது என்ன, ஒரு டீஸ்பூன் சர்க்கரை.

குடைமிளகாயை நறுக்கும்போது அதற்குள் இருக்கிற காலி இடம் ஒரு அறை மாதிரி இருக்கிறது. வெள்ளைச் சுவர், நடுவே விதைகள் ஒட்டிக்கொண்டு, யாரும் வராத அறை. ஏழு மணிக்கு இவர் கூப்பிட்டார், குஜராத்தில் கட்ச் பக்கத்தில் காற்றாலை, நாலு மாச வேலை, கோபுரத்தின் மேலே ஏறினால்தான் சிக்னல் கிடைக்கிறது என்று பெண்டாட்டியோடு பேசவே ஏறுகிறவர் மாதிரி பெருமையடித்துக்கொள்வார். "மாப்பிள்ளை என்ன சொல்றார்?" "கேரட்டைத் தூக்கி என் மேல எறியறார்." "எங்கப்பா மாதிரியே. எங்கம்மாவும் அப்படித்தான், எறிஞ்சதைப் பொறுக்கி அடுத்த நாள் குழம்புல போட்டுருவாங்க. நீ சாப்பிட்டியா?" "ம்." "என்ன சாப்பிட்டே?" நான் என்ன சாப்பிட்டேன்? காலையில் ஆதிரை துப்பின கேழ்வரகுக் கூழ் இரண்டு வாய், மத்தியானம் நின்றபடி தயிர் சாதம் மாதிரி ஏதோ. "சப்பாத்தி," என்றேன். "சுகந்தி, அந்தக் கூண்டுக் கதவு விஷயத்தை நினைச்சு மனசைப் போட்டுக் குழப்பிக்காத. கழுவறப்ப யாருக்கும் கை தவறும்." காற்று அவர் குரலைப் பிய்த்துக்கொண்டு போனது. கை தவறவில்லை. கூண்டு கழுவும்போது சின்னமணி பறந்துவிட்டாள் என்று நான் சொன்னது பொய். எல்லோரிடமும் அதே பொய், ஒரே மாதிரி வார்த்தைகளில், பாடம் ஒப்பிக்கிற மாதிரி. நடந்தது என்னவென்று எனக்கே முழுதாகத் தெரியாது. அன்றைக்கு ராத்திரி ஆதிரைக்குக் காய்ச்சல், தோளில் போட்டு நடந்து நடந்து அவள் தூங்கினபோது நானும் விழுந்துவிட்டேன், வாசல் கதவைச் சாத்தினேன், தாழ் போடவில்லை. கல்யாணமாகி வந்ததிலிருந்து முதல் தடவை. காலையில் எழுந்து பார்த்தால் கூண்டின் கொக்கி திறந்திருக்கிறது. அதில் அதிசயம் ஒன்றுமில்லை, சின்னமணிக்கு மூக்கால் கொக்கியைத் தள்ளத் தெரியும், விடிகிற நேரத்தில் திறந்துகொண்டு வீட்டுக்குள் உலாத்துவாள், ஜன்னலுக்கெல்லாம் வலை அடித்திருப்பதால் நாங்கள் கண்டுகொள்வதில்லை. ஆனால் அன்றைக்கு அவள் வீட்டுக்குள் இல்லை. வலையெல்லாம் முழுசாக இருந்தது. வாசல் வழியாகத்தான் போயிருக்க முடியும். ஆக வாசல் கதவு காற்றில் திறந்திருக்க வேண்டும். ஆனால் நான் பார்த்தபோது கதவு சாத்தியிருந்தது. நன்றாக, நிலையோடு அழுந்த. கணக்குப் பாடம் மாதிரி இதைத்தான் இருபத்து மூன்று நாளாகப் போட்டுப் பார்க்கிறேன், எந்தப் பக்கத்திலிருந்து போட்டாலும் மீதி ஒன்று வருகிறது. திறந்த கதவை யார் சாத்தியது? நானும் குழந்தையும் வாயைத் திறந்துகொண்டு தூங்கும்போது ஒருத்தன் படியேறி வந்திருக்கிறான். நின்றிருக்கிறான். எவ்வளவு நேரம்? சின்னமணியை எடுத்துக்கொண்டானா, அல்லது அவள் போனபின் வெறுமனே எங்களைப் பார்த்துவிட்டு, பிறகு மரியாதையாகக் கதவைச் சாத்திக்கொண்டு போனானா? திருடியிருந்தால்கூடத் தேவலை. செயின் மேசை மேல்தான் கிடந்தது. அந்த மரியாதைதான் எனக்குத் தாங்கவில்லை. இவரிடம் எப்படிச் சொல்வது, குழந்தையை வைத்துக்கொண்டு தாழ் போடாமல் தூங்கினேன் என்று? சொல்லிவிட்டால் மாமியாருக்குப் போகும், அம்மாவுக்குப் போகும், எல்லோரும் எதுவும் சொல்லமாட்டார்கள், அதுதான் பிரச்சினை, எதுவும் சொல்லாமல் ஒரு பார்வை.

ஆகவே ராத்திரிகளில் தாழ்ப்பாள். போட்டுவிட்டுப் படுக்கிறேன். போட்டோமா? எழுந்து போய்ப் பார்த்தால் போட்டுத்தான் இருக்கிறது, ஆனால் கண்ணால் பார்ப்பது போதவில்லை, திறந்து மறுபடி போட்டால்தான் போட்டது போலிருக்கிறது, ஒரு தடவை போதாது, மூன்று. பிறகு கதவில் காதை வைத்து நிற்பேன். பிறகு படுக்கை. பிறகு மறுபடி. எங்கள் கான்வென்ட் விடுதியில் சிஸ்டர் பெனடிக்டா ஒன்பது மணிக்கு டார்ச்சோடு ஒவ்வொரு கட்டிலாக எண்ணிக்கொண்டு வருவார், அறுபத்திரண்டு, கடைசிக் கட்டில் தாண்டியதும் பெரிய கதவைச் சாத்தி உள்ளேயிருந்து தாழ் போடுவார், மூலையில் திரை கட்டிய தன் கட்டிலுக்குப் போய்விடுவார். ஒரே தடவைதான் அந்தச் சத்தம். அதைக் கேட்பதற்காகவே விழித்துக் கிடப்பேன், கேட்டதும் கிணற்றில் கல் விழுகிற மாதிரி தூக்கத்தில் விழுவேன். அவர் ஒரு நாளும் திரும்ப வந்து பார்த்ததில்லை. ஏன்? பயமில்லையா, அல்லது தன் கையை அவர் நம்பினாரா? சாப்பாட்டு மேசையில் அறுபத்திரண்டு பேர் சேர்ந்து மெல்லுகிற சத்தம் மழை மாதிரி இருக்கும், பேசக் கூடாது, ஒரு பெண் நின்றுகொண்டு யாரோ ஒரு புனிதையின் சரித்திரம் படிப்பாள், தட்டு காலியாகாமல் எழுந்திருக்க முடியாது. அப்போது வெறுத்த அந்தச் சத்தத்துக்கு இப்போது ஏங்குகிறேன். தனியாக மெல்லும்போது என் தாடை போடுகிற ஓசை எனக்கே பெரிதாகக் கேட்கிறது, வெளியே வருகிற காலடியை அது மறைத்துவிடுமோ என்று வாயில் இருப்பதை அப்படியே வைத்துக்கொண்டு கேட்கிறேன். டாக்டரம்மா சொன்னதையும் செய்து பார்த்தாகிவிட்டது. "நீங்க அதுக்கு முன்னாடி உட்கார்ந்து அதே சாப்பாட்டைச் சாப்பிடுங்க, ரசிச்சு. கூட்டமா வாழற ஜாதி. மரத்துல ஒண்ணு காவலுக்கு நிக்கும், மத்ததெல்லாம் கீழ சாப்பிடும். காவல் நிக்கறது சாப்பிடாது. அதுவும் இறங்கி வந்து சாப்பிட ஆரம்பிச்சாத்தான் பயமில்லைன்னு அர்த்தம்." நானும் அவன் எதிரில் நின்று ஒரு கேரட் துண்டை வாயில் போட்டு ம்ம் என்று நடித்தேன், பாதியில் படியில் ஏதோ சத்தம், கதவுக்குப் போய்விட்டேன். கிளியை ஏமாற்ற முடியாது. ஆதிரையையும். நான் பயத்தோடு ஊட்டுகிற அன்றைக்கெல்லாம் உதட்டைப் பூட்டிக்கொள்கிறாள்.

கொள்ளு வெந்துவிட்டது. தண்ணீரை வடித்து ஆறவைத்தேன். வேகவைத்த முட்டை ஒன்றை ஓட்டோடு நசுக்கினேன். எல்லாவற்றையும் பெரிய பேசினில் கொட்டிக் கையால் பிசிறியபோது, மஞ்சளும் சிவப்பும் பச்சையுமாக, கோலப்பொடிக் கடை மாதிரி இருந்தது, அழகாகத்தான் இருந்தது, யாரிடமாவது பாருங்கள் என்று காட்ட வேண்டும் போல் இருந்தது. ஆதிரைக்கு அரசாணிக்காயும் சர்க்கரைவள்ளியும் தனியாக எடுத்து மசித்து மூடிவைத்தேன். ஒரு வாரத்துக்கானதை டப்பாக்களில் போட்டு ஃப்ரீசரில். நாளைக்கு அவனே இல்லையென்றால் இந்த டப்பாக்களை என்ன செய்வேன்? பிறகு அலமாரியிலிருந்து கிண்ணங்களை எடுத்தேன், எவர்சில்வர், கம்பியில் மாட்டுகிற கொக்கி வைத்தது. இரண்டு. இருபத்து மூன்று நாளாக இரண்டைத்தான் எடுக்கிறேன், நிரப்புகிறேன், மாட்டுகிறேன், காலையில் இரண்டையும் அப்படியே கொட்டுகிறேன். ஒன்றை மட்டும் எடுக்கக் கை வரவில்லை. க்ர்ர்க், டக். கிண்ணம் கீழே விழுந்து உருண்டது. க்ர்ர்க், டக். இந்தத் தடவை கத்தியை எடுத்துக்கொண்டுதான் போனேன். க்ர்ர்க், டக். என் கண் தாழ்ப்பாள் மேலேயே இருந்தது, சத்தியமாக, அது நகரவில்லை, ஆனால் சத்தம் அங்கேயிருந்துதான், ஒரு முழத் தூரத்தில், அப்புறம் அந்த மூச்சு, அப்புறம் தெருவில் லாரி ஒன்று போய் மிச்சத்தை மறைத்தது. ஆதிரை உள்ளே சிணுங்கினாள், தட்டிக்கொடுத்துவிட்டு வந்தேன். அதன்பின் கூடத்தின் நடுவில் ஒரு நாற்காலியைப் போட்டுக் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன், கத்தி மடியில், எட்டு ஐம்பது, எட்டு ஐம்பத்தைந்து. படியில் காலடி. ஒன்று. இரண்டு. மூன்றாவது படியின் உடைந்த கல் ஆடுகிற ஓசை. வருகிறவர் யாரென்று தெரிந்தும், தெரிந்தேதான், என் வாய் தானாகக் கேட்டது.

"நாந்தான் கண்ணு, வேறாரு?" கோகிலாம்பாள் அக்கா காலாலேயே கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார், பட்டுப்புடவை, தலையில் வாடின மல்லிகை, இரண்டு கையிலும் இரண்டு பப்பாளி, இடுக்கில் ஒரு தாம்பூலப் பை. "புடி புடி. இது பழம், இது காயி, நாளான்னிக்குப் பழுத்துரும். என்ன கத்தியும் கையுமா உக்காந்திருக்கற? பப்பாளிக்குக் காத்துட்டிருந்தயா, என்னயக் குத்தறதுக்கா?" நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். "உன்ற மாப்பிள்ளைக்கு இன்னிக்கு என்ன விருந்து?" அக்கா சமையலறையை எட்டிப் பார்த்துவிட்டு, "ஓட்டோட முட்டையா! என்ற ஊட்டுக்காரருக்கு முப்பது வருசமா ஆக்கிப் போடறன், ஒரு நாளு இத்தன கலர்ல போட்டதில்ல. பாத்தா அந்த மனுசன் அழுதுருவாரு. நீ எதாச்சும் தின்னயா?" என்று கேட்டு முடிக்கவில்லை. க்ர்ர்க், டக். நான் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். "அக்கா. கேட்டுச்சா?" "கேக்கறதுக்கென்ன, தெனம் கேக்கறதுதான." க்ர்ர்க், டக். க்ர்ர்க், டக். மூச்சு. அப்புறம், லாரியோ குக்கரோ எதுவும் மறைக்காத அமைதியில், மிகத் தெளிவாக, மிக மெதுவாக: யாரு?

அக்கா ஓ என்று சிரித்தபடி போய்ப் போர்வையைத் தூக்கினார். மாப்பிள்ளை மேல் கம்பியில், கதவை ஒட்டின மூலையில், இறகை ஒடுக்கி உட்கார்ந்திருந்தான். கழுத்தை முன்னால் நீட்டிக் கதவுப் பக்கமாகக் காதை வைத்திருந்தான். யாரு? என்றான் இன்னொரு தடவை, உதடில்லாத அந்த வாயால். "அடச் சாமி! அப்பிடியே உன்ற கொரலு கண்ணு!" "என் குரலா?" "பின்ன என்ற கொரலா? ராத்திரி கட்டல்ல படுத்தா தலைக்கு மேல இந்தச் சத்தந்தான். க்ர்ர்க்கு டக்கு, க்ர்ர்க்கு டக்கு. அப்பறம் 'யாரு'ம்ப. நானும் அவருகிட்டச் சொல்லுவன், புள்ள ஒண்டியாக் கெடக்குது, அதான் பாத்துப் பாத்துத் தாள் போடுதுன்னு." அந்தக் குரலில் இருந்த பயம், அது எனக்குள் இருந்தபோது பயமாகத் தெரியவில்லை, ஜாக்கிரதை என்றுதான் நினைத்திருந்தேன், இப்போது வெளியே கம்பியில் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்க்கிறது. இருபத்து மூன்று நாளில் அவன் கற்றுக்கொண்ட ஒரே பாடம். உள்ளே ஒருத்தி தூங்குகிறாள், அவளும் காதைத் தீட்டிக்கொண்டு இதே பாடத்தைத்தான் கேட்கிறாள், அவளுடைய முதல் சொல்லும் இதுவாகவே இருந்துவிட்டால்? எப்படி வாயைத் திறந்தேன் என்று தெரியவில்லை. "அக்கா, சின்னமணி கூண்டு கழுவறப்பப் போகலை," என்றேன். சொன்னேன். காய்ச்சல், தோள், தூக்கம், போடாத தாழ், திறந்த கொக்கி, சாத்தின கதவு. சொல்லும்போது தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன், பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிற பெண்கள் ஜன்னல் வலையைப் பார்த்துச் சொல்கிற மாதிரி. அக்கா சிரிப்பை நிறுத்தியிருந்தார். கையிலிருந்த காய்ப் பப்பாளியை மெதுவாகக் கீழே வைத்தார்.

"அதச் சாத்துனது நாந்தான் கண்ணு." அக்காவும் தரையைத்தான் பார்த்தார். "அன்னிக்கு வெடியால அஞ்சு மணிக்குக் கொழாயில சிறுவாணித் தண்ணி உட்டான். தொட்டி ரொம்புச்சான்னு பாக்க மேல ஏறுனன். உன்ற கதவு இத்தனாந்தூரம் தொறந்து ஆடிட்டிருக்குது. எட்டிப் பாத்தன், தாயும் புள்ளயும் அசந்து தூங்கறீங்க. எழுப்பிச் சொன்னா நீ வெக்கப்பட்டுப் போவயேன்னு பூனையாட்டச் சாத்திப்போட்டு எறங்கிட்டன். வெடிஞ்சு பாத்தா கிளியக் காணோங்கற. கூண்டு கழுவறப்பப் போச்சுங்கற. நீயே அப்பிடிச் சொல்றப்ப நாம்போயி என்னத்தச் சொல்றது? ஆனா உள்ளுக்குள்ள உறுத்தல்தான். அது வெளியில போயிருந்து, நாஞ் சாத்தாம உட்டிருந்தா, திரும்பி வந்திருக்குமோ என்னமோ." அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இல்லீன்னா வாரம் ரெண்டு பப்பாளி எவளாச்சும் வாடகைக்கு இருக்கறவளுக்குச் சும்மா கொண்டாந்து குடுப்பாளா?" என்றார் பிறகு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. நான் வெட்கப்படக் கூடாதென்று அவர் சொல்லவில்லை, வெட்கப்பட்டு நான் சொல்லவில்லை. நடுவில் நின்ற, இல்லவே இல்லாத ஒருத்தனை நான் இத்தனை ராத்திரியும் என் ரத்தத்தைக் கொடுத்து வளர்த்திருக்கிறேன், அவனுக்கு உயரம் கொடுத்திருந்தேன், செருப்பு கொடுத்திருந்தேன், மூச்சுகூட. "நாளைக்கு இவர்ட்ட சொல்லிடறேங்க்கா." "சொல்லு. நாஞ் சாத்துனதயுஞ் சேத்திச் சொல்லு, பாதிப் பாதி ஏத்துக்கலாம். இப்பத் தின்னுட்டுப் படு." படியிறங்கும்போது மூன்றாவது கல் ஆடியது. கீழே அவர்கள் வீட்டு விளக்கு எரிந்தது, அவருடைய வீட்டுக்காரர் ஏதோ கேட்க, அக்கா பதில் சொல்லும் முணுமுணுப்பு தரை வழியாக வந்தது.

பயம் போய்விட்டதா என்று தடவிப் பார்த்தேன், பல் பிடுங்கிய இடத்தை நாக்கு தடவுகிற மாதிரி. போகவில்லை. ஆளில்லை என்று தெரிந்த பிறகும் ஆள் நின்ற இடம் அங்கேயே இருந்தது. கை தாழ்ப்பாளுக்குப் போனது. பிறகு பார்க்கலாம் என்று அதை இழுத்துக்கொண்டேன். கீழே விழுந்த கிண்ணத்தைக் கழுவி, இரண்டையும் நிரப்பினேன். ஒன்றைக் கூண்டில் மாட்டினேன். இரண்டாவதை மாட்டவில்லை. கூண்டுக்கு எதிரே தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டேன். கதவு என் முதுகுக்குப் பின்னால் வரும்படி. அப்படி உட்கார ஒரு நிமிஷம் பிடித்தது, முதுகு முழுவதும் காதாகிவிட்டது. கையால் அள்ளி வாயில் போட்டேன். உப்பில்லை, எண்ணெயில்லை, அரசாணிக்காய் லேசாக இனித்தது, கம்பு பல்லில் நெருநெருவென்றது, முட்டை ஓடு மணல் மாதிரி. பிறகு பச்சைமிளகாய். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவன் தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்த்தான், அந்தக் கண்ணின் கருவிழி சுருங்கியது, விரிந்தது. மென்றேன். படியில் ஏதோ சரசரத்தது, எலியாக இருக்கும், இலையாக இருக்கும், முதுகு விறைத்தது, எழுந்திருக்கவில்லை, வாயில் இருந்ததை மென்று விழுங்கினேன். இரண்டாவது வாய். மூன்றாவது. பசி என்கிற ஒன்று எனக்கு இருந்தது நான்காவது வாயில்தான் ஞாபகம் வந்தது, அதன்பின் நடிக்கவில்லை, இரண்டு கையாலும் தின்றேன், கன்னத்தில் கீரை ஒட்டிக்கொண்டது, கிண்ணத்தில் பாதிக்கு வந்தபோது மூக்கும் ஒழுகிக்கொண்டிருந்தது, சிஸ்டர் பெனடிக்டா பார்த்திருந்தால் மேசையை விட்டே எழுப்பியிருப்பார். கம்பியில் நகம் உரசுகிற சத்தம். நான் நிமிரவில்லை. ஒரு கம்பி கீழே. நான் கேரட்டைத் தேடி எடுத்தேன். இன்னொரு கம்பி. நான் மெல்லுகிற சத்தம், அப்புறம் என்னுடையதல்லாத இன்னொரு மெல்லுகிற சத்தம், சின்னது, வறண்டது, கிண்ணத்தில் மூக்கு தட்டுகிற டிக் டிக். மெதுவாகக் கண்ணை மட்டும் தூக்கினேன். அரசாணிக்காய்த் துண்டை ஒரு காலில் தூக்கிப் பிடித்திருந்தான், அவள் பிடிக்கிற மாதிரியே. பாதியைக் கீழே போட்டான். பாதியைத் தின்றான். இன்னொன்று எடுத்தான். காலையில் தராசு என்ன சொல்லுமோ, சொல்லட்டும். நான் என் கிண்ணத்தை வழித்து முடிக்கிற வரை இரண்டு பேரும் பேசவில்லை. உள்ளே ஆதிரை தூக்கத்தில் ஒருமுறை சப்புக் கொட்டினாள். எழுந்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, கதவுக்குப் போய்த் தாழ்ப்பாளைத் தள்ளினேன். க்ர்ர்க், டக். கூண்டுக்குள் மாப்பிள்ளை மெல்லுவதை நிறுத்தித் தலையைச் சாய்த்து, மீதி இரண்டுக்காகக் காத்திருந்தான்.